கருவின் பால் நிர்ணயம்: மரபியலும் பம்பாய்ப் பரிசோதனைகளும்

பாலூட்டிகளின் கரு ஆணாகவோ பெண்ணாகவோ வளர்வதைத் தீர்மானிக்கும் மரபணு வழிமுறை பால் நிர்ணயம் எனப்படும். பிறக்குமுன்பே அதைக் கண்டறியும் பரிசோதனைக்கும் இந்தியாவில் இதே பெயர் வழங்குவதால் இரண்டின் வரலாறும் இங்கே சேர்த்துத் தரப்படுகிறது.

மனிதக் கருவில் ஏறத்தாழ ஆறு வாரம்வரை இனப்பெருக்கச் சுரப்பியின் முகிழ் இரு பாலுக்கும் ஒன்றுபோலவே இருக்கும். அதன்பின் ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய் மரபணு சிறிது காலம் இயங்கி, சாக்ஸ்9 என்ற மரபணுவை முடுக்கிவிட்டால் முகிழ் விந்தகமாகிறது, இல்லையேல் சூலகமாகிறது. இந்த 'இல்லையேல்' பழைய பாடநூல்களின் வழக்கு. வளர்ந்த பெண் சுண்டெலியில் ஃபாக்ஸ்எல்2 மரபணுவைச் செயலிழக்கச் செய்தால் சூலகச் செல்கள் விந்தகச் செல்களின் இயல்பைப் பெறுகின்றன என்று 2009-இல் தெரியவந்த பிறகு, சூலகத்துக்கும் இடையறாத மரபணு உழைப்பு வேண்டும் என்ற கருத்து வலுத்துள்ளது. பெண்மையே கருவின் இயல்புநிலை என்ற கூற்று முற்றிலும் பிழையா, திருத்தம் மட்டும் தேவைப்படுவதா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசுவதில்லை.

குரோமோசோமுக்கும் பாலுக்கும் உள்ள தொடர்பை 1905-இல் நெட்டி ஸ்டீவன்ஸும் எட்மண்ட் வில்சனும் பூச்சிகளில் கண்டனர். பாலூட்டிகளில் ஆண்பாலைத் தருவது ஒய் குரோமோசோமே என்பது 1959-இல் உறுதியாயிற்று.

பரிசோதனையின் கதை ஒரு பூனையிடம் தொடங்குகிறது. கனடாவிலும் லண்டன் என்றோர் ஊர் உண்டு. அங்கே 1949-இல் மர்ரே பாரும் அவருடைய மாணவர் இவார்ட் பெர்ட்ரமும் நரம்புச் செல் களைப்படைந்தால் என்ன ஆகும் என்று பூனைகளில் ஆராய்ந்தபோது, சில பூனைகளின் செல் உட்கருவில் மட்டும் கரும்புள்ளி ஒன்று தெரிந்தது. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தால், புள்ளி இருந்தவை எல்லாம் பெண் பூனைகள். சுருண்டு ஓய்ந்துபோன ஓர் எக்ஸ் குரோமோசோமே அந்தப் புள்ளி என்பது பின்னர் விளங்கியது. 1955-56-இல் கருவின் பனிக்குட நீரில் மிதக்கும் செல்களிலும் அதைத் தேடிப் பால் சொல்ல முடிந்தது. 1970-இல் குவினாக்ரின் சாயம் ஏற்றினால் ஒய் குரோமோசோம் ஒளிரும் என்பதும் சேர்ந்துகொண்டது. இவ்வளவும் மரபு நோய்களைக் கண்டறியும் நோக்கில் வளர்ந்தவை.

இந்தியாவில் பனிக்குட நீர்ப் பரிசோதனை 1975-இல் டெல்லி அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தில் தொடங்கியது. பால் அறிய அதைப் பயன்படுத்துவதை அடுத்த சில ஆண்டுகளில் மத்திய அரசு தன் மருத்துவமனைகளில் தடுத்தது; ஆண்டு எது என்பதில் நூல்கள் முரண்படுகின்றன. தடை தனியாரைத் தொடவில்லை.

பம்பாய்க் காலகட்டத்துக்கே ஆவணங்கள் மிகுதி. 1980-களின் தொடக்கத்திலிருந்து நகரெங்கும் கிளினிக்குகள் பெருகின. புறநகர் ரயில்களிலும் விளம்பரம் ஒட்டப்பட்டது. இப்போது சில நூறு செலவழித்தால் பிற்பாடு வரதட்சணையில் ஆயிரக்கணக்கில் மிச்சம் என்ற பொருளில் அமைந்த அந்த விளம்பரத்தைப் பலரும் எடுத்தாள்கிறார்கள்; தொகை மட்டும் நூலுக்கு நூல் மாறுகிறது. ஏறத்தாழ 16-ஆம் வாரத்தில் வயிற்றின் வழியே ஊசி செலுத்திச் சிறிது நீரை எடுப்பார்கள். விந்தகத்தை உண்டாக்கும் மரபணு எது என்று உலகில் ஒருவருக்கும் தெரியாத அந்நாளில், அதன் விளைவை மட்டும் படித்துச் சொல்லும் தொழில் இங்கே கொழித்தது. பிள்ளையின் பாலை முடிவுசெய்யும் குரோமோசோம் தகப்பனிடமிருந்து வருவது. ஊசியும் பழியும் தாய்க்கு.

1986-இல் மருத்துவர் சஞ்சீவ் குல்கர்னி நகரின் மகப்பேறு மருத்துவர்கள் 50 பேரைக் கேட்டதில் 42 பேர் இப்பரிசோதனையைச் செய்வதாகத் தெரிந்தது. கருக்கலைப்புகள் 8,000-இல் 7,999 பெண் கருக்கள் என்ற இன்னொரு கணக்கும் பம்பாயின் பெயரில் உலகெங்கும் சுற்றுகிறது. அது எப்படி எடுக்கப்பட்டது என்பது தெளிவாகப் பதிவாகாததால் எச்சரிக்கையுடனேயே கொள்ளத்தக்கது.

பெண்ணுரிமை, நலவாழ்வு அமைப்புகளைச் சேர்ந்தவர்கள் 1980-களின் நடுவில் பால் நிர்ணய எதிர்ப்பு மன்றமாகக் கூடினர். குழந்தைகள் தினத்தன்று பெற்றோரும் மகள்களும் சேர்ந்து ஊர்வலம் போனதும் இவர்கள் முயற்சியே. 1988-இல் மகாராஷ்டிரம் நாட்டிலேயே முதலாவதாக இப்பரிசோதனையைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது.

விந்தகத்தை உண்டாக்கும் மரபணு 1990-இல்தான் சிக்கியது. இங்கிலாந்தின் லண்டனில் பீட்டர் குட்ஃபெல்லோ, ராபின் லவல்-பேட்ஜ் குழுவினர் எஸ்.ஆர்.ஒய்யை அடையாளம் கண்டனர். மறு ஆண்டு அதன் எலி வடிவத்தை எக்ஸ்எக்ஸ் கருவில் புகுத்தி ஆண் சுண்டெலி பிறக்கச் செய்தனர். அதற்கு முந்தைய தேடலில் இந்தியருக்கும் பங்குண்டு. கட்டுவிரியன் இனப் பெண் பாம்பின் பால் குரோமோசோமில் திரண்டிருந்த டி.என்.ஏ வரிசையை லால்ஜி சிங் பிரித்தெடுத்து, அதே வரிசை எலியின் ஒய்யிலும் இருப்பதை எடின்பரோவில் கென் ஜோன்ஸுடன் காட்டினார். அது பால் நிர்ணய மரபணு அல்ல என்றாயிற்று; ஆனால் ஹைதராபாதில் டி.என்.ஏ கைரேகை முறை அதிலிருந்தே உருவானது.

பால் அறியும் பரிசோதனைக்கு எதிரான மத்தியச் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டு 1996-இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள் ஊசிக்கு வேலையில்லாமல் ஸ்கேன் வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் கிடப்பதாகக் கூறி மும்பையின் சேஹத், புனேயின் மாசூம் ஆகிய அமைப்புகளும் ஆய்வாளர் சாபு ஜார்ஜும் 2000-இல் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2003-இல் திருத்தச் சட்டம் வந்தது. ஆறு வயது வரையிலான 1,000 ஆண் குழந்தைகளுக்கு மகாராஷ்டிரத்தில் 1991-இல் 946, 2001-இல் 913, 2011-இல் 894 பெண் குழந்தைகள். சட்டம் இல்லாதிருந்தால் எண் இன்னும் சரிந்திருக்கும் என்பாரும், சட்டத்தால் பயனில்லை என்பாரும் இதே கணக்கைத்தான் காட்டுகிறார்கள்.

மும்பையில் தாராவியானாலும் செம்பூரானாலும் ஸ்கேன் சென்டர்களில் இங்கே பால் தெரிவிக்கப்படாது என்ற பலகையை ஆங்கிலத்திலும் மராத்தியிலும் வைப்பது கட்டாயம். தாயின் ரத்தத்தில் மிதக்கும் கருவின் டி.என்.ஏவை 1997-இல் டென்னிஸ் லோ கண்டறிந்தபின், ஒய் வரிசைகளை அதிலேயே தேட முடிகிறது. அப்படிப் பால் சொல்வதும் இந்தியாவில் குற்றமே. கர்ப்பிணி ஒவ்வொருவருக்கும் நிரப்பவேண்டிய 'எஃப்' படிவத்திலுள்ள எழுத்துப் பிழைகளைக் குற்றமாக்கக் கூடாது என்ற மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் மனுவை உச்ச நீதிமன்றம் 2019 மே மாதம் தள்ளுபடி செய்தது.