ஒரே தலைப்பில் எழுதப்பட்ட முதுகுவலிகள்

"ஸ்பாண்டிலைட்டிஸ்" என்றதும் கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு ஆபீஸ் வருபவர்தான் நமக்கு நினைவுக்கு வருவார். அது பெரும்பாலும் தேய்மானம். சரியான பெயர் ஸ்பாண்டிலோசிஸ். நான் சொல்ல வந்தது வேறு. இருபது, முப்பது வயதிலேயே முதுகெலும்பில் அழற்சியாகத் தொடங்கும் வாத நோய்கள். இவற்றைப் பிரித்தறிய மருத்துவ உலகம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

1690களில் பெர்னார்ட் கானர் என்ற அயர்லாந்து மருத்துவர், முதுகெலும்பும் விலா எலும்புகளும் இடுப்பும் ஒன்றாக ஒட்டிப்போன ஓர் எலும்புக்கூட்டைப் பற்றி எழுதினார். 1893 முதல் 1898 வரையிலான ஆண்டுகளில் ரஷ்யாவின் பெக்டரேவ், ஜெர்மனியின் ஸ்ட்ரூம்பெல், பிரான்சின் பியர் மாரி ஆகியோர் நோயாளிகளிடம் கண்டதை விவரித்தார்கள். இன்று இதை ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்கிறோம்.

அப்படியும் அமெரிக்காவில் வெகுகாலம் இதை முடக்குவாதத்தின் ஒரு வகையாகத்தான் வைத்திருந்தார்கள். எங்கள் பாஷையில், தவறான தலைப்பில் போட்ட வரவு! 1940-ல் வாலரும் 1948-ல் ரோஸும் முடக்குவாதக்காரர்களின் ரத்தத்தில் கண்ட ருமடாய்டு காரணி, இந்த முதுகு நோயாளிகளிடம் பொதுவாக இல்லை. 1963-ல்தான் அமெரிக்க வாதநோய்ச் சங்கம் இதைத் தனி நோயாகப் பிரித்தது.

1973-ல் அடுத்த திருப்பம். லண்டனில் 75 நோயாளிகளைச் சோதித்ததில் 72 பேருக்கு எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு அடையாளம் இருந்தது. நோயில்லாத 75 பேரில் மூவருக்கே இருந்தது. (அது இருந்தாலே நோய் என்று பயப்பட வேண்டாம். இருப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த நோய் வருவதேயில்லை.) 1974-ல் லீட்ஸ் நகரின் மோல், ரைட் குழுவினர், சொரியாசிஸோடு வருவது, குடல் அழற்சியோடு வருவது, வயிற்றிலோ சிறுநீர்ப் பாதையிலோ தொற்று வந்தபின் வருவது எல்லாம் இதற்கு உறவுதான் என்று ஒரே குடும்பமாகச் சேர்த்தார்கள்.

உறவென்றாலும் ஒன்றல்ல. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் முதுகெலும்பு அழற்சியில் பெரிதாகப் பலிப்பதில்லை. ஐ.எல்.-17 என்ற பொருளைத் தடுக்கும் புது மருந்துகள் சொரியாசிஸுக்கும் முதுகுக்கும் நல்லவை. கிரோன்ஸ் என்ற குடல் நோய் உள்ளவருக்கோ அதையே மோசமாக்கலாம். பெயர் மாறினால் மருந்தும் மாறும்.

அதனால்தான் முதுகுவலி என்று போனால் டாக்டர் தோலைப் பற்றியும், வயிற்றைப் பற்றியும், கண் சிவந்ததா என்றும் கேட்கிறார். காலையில் எழுந்ததும் விறைப்பு, நடந்தால் குறைவு, ஓய்ந்து படுத்தால் அதிகம், இப்படியே மூன்று மாதத்துக்கு மேல் என்றால் வாதநோய் நிபுணரைப் பாருங்கள்.

இரண்டு மூன்று வருஷத்துக்கொரு முறை மாற்றலாகி ஊர் ஊராகப் போகும் நமக்கு ஒவ்வோர் ஊரிலும் புது டாக்டர். பத்து வருஷத்துக்கு முன் வந்த கண் சிவப்பு அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுச் சாமான் லாரியில் ஏறும்போது, மருத்துவ ஃபைல் மட்டும் கையோடு இருக்கட்டும்.