அழுத்துக் கண்ணாடியும் சாய்சதுர முத்திரையும்

உருகிய கண்ணாடியை இரும்பு அச்சிலிட்டு, உலக்கை போன்ற தண்டினால் அழுத்திப் பாத்திரமாக்கும் முறை 1820களில் அமெரிக்காவிலே வளர்ந்தது. பட்டை தீட்டிய கண்ணாடியை வாங்கவியலாத இல்லங்களும் அதனாற் பூச்சாடியும் கிண்ணமும் பெற்றன. இங்கிலாந்தின் வடகிழக்கிலும் இத்தொழில் விரைவில் வேரூன்றிற்று.

இவற்றை இனங்காணுதற்குக் கண்ணினும் விரலே உதவும். அச்சினுள் ஊதிய பாத்திரத்தின் உட்புறம் வெளிப்புறத்து மேடுபள்ளங்களைப் பின்பற்றும். அழுத்தியதன் உட்புறமோ தண்டின் வடிவையே கொள்ளும். பட்டை தீட்டிய விளிம்பு கூரியது. அச்சு விளிம்பு மழுங்கியது. அச்சின் பகுதிகள் பொருந்திய கோடும் நல்ல சான்றே. ஆயின் தீயிற்காட்டி மெருகூட்டியவிடத்து அது மறைதலுமுண்டு.

காலத்தைத் துணிவதிலேதான் சேகரிப்போர் பலர் இடறுகின்றனர். 1842 முதல் 1883 வரை பிரித்தானியாவிற் பதிவுபெற்ற வடிவங்கள் சாய்சதுர முத்திரை தாங்கின. உச்சியிலுள்ள ரோம இலக்கம் மூன்று கண்ணாடியினத்தைக் குறிக்கும்; மூலைக் குறிகள் நாள், மாதம், ஆண்டு முதலியவற்றை உணர்த்தும். ஆண்டுக்கொன்றாக இருபத்தாறு எழுத்துக்களும் தீர்ந்தமையின், 1868இல் மூலைகளின் ஒழுங்கு மாற்றப்பட்டது. இதனையறியாதார் நாளை ஆண்டெனப் படிப்பர். 1884 முதல் தொடரெண்ணே வழங்கிற்று.

இதனினும் பெரிய வழுவொன்றுண்டு. முத்திரை கூறுவது வடிவம் பதிவான நாளேயன்றிப் பாத்திரம் ஆக்கிய நாளன்று. இரும்பச்சு நெடுங்காலம் உழைக்கும், கைம்மாறவும் செய்யும். கேற்ஸ்ஹெட் நகரத்து டேவிட்சன் ஆலை பிறர் அச்சுக்களை வாங்கிப் பயன்படுத்தியது. அந்நகரத்துச் சோவர்பி ஆலையின் மயிற்றலை வணிகக்குறி பதிவானது 1876இல் ஆகும். 1872ஆம் ஆண்டுச் சாய்சதுரத்தோடு அக்குறியும் ஒரு கிண்ணத்திற் காணப்படுமாயின், அதனை 1872க்குரியதென விலைபேசுதல் தகாது. 1876ஐ ஒட்டியோ அதற்குப் பின்னரோ ஆக்கப்பட்டதெனலே பொருந்தும்.