கிரைப் வாட்டர் புட்டிக்குள் ஒரு வரலாறு

மாலை மயங்கும் நேரம். பிறந்து மூன்று வாரமே ஆன குழந்தை வீறிட்டு அழுகிறது. முகம் சிவந்து, கால்களை வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது. பால் கொடுத்தாயிற்று, துணி மாற்றியாயிற்று, அழுகை மட்டும் ஓயவில்லை. அப்போது வீட்டில் மூத்தவர் ஒருவர் சொல்வார்: "பிள்ளைக்கு வயிறு உப்பிக்கிடக்குது. கொஞ்சம் கிரைப் வாட்டர் கொடும்மா."

தோட்டத்து லயமாக இருந்தாலும் சரி, நகரத்து அடுக்குமாடி வீடாக இருந்தாலும் சரி, தமிழ்க் குடும்பங்கள் நன்கு அறிந்த வாக்கியம் இது. பாட்டி அம்மாவுக்குச் சொன்னார், அம்மா மகளுக்குச் சொன்னார். ஆனால் அந்தப் புட்டி எங்கே பிறந்தது, அதற்குள் என்ன இருந்தது என்று எத்தனை பேர் கேட்டிருப்போம்?

கதை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் நகரில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் அது லேஸ் பின்னலுக்குப் பேர் பெற்ற ஊர். பெண்கள் விடிந்தது முதல் இரவு வரை பின்னல் வேலை செய்தார்கள். குழந்தை அழுதால் வேலை நிற்கும், வேலை நின்றால் கூலி நிற்கும். அதனால் காட்ஃப்ரே கார்டியல் என்ற இனிப்பு மருந்தைக் குழந்தையின் வாயில் ஊற்றினார்கள். அது வெல்லப்பாகில் கலந்த அபின். குழந்தை உறங்கியது, தாய் வேலை செய்தாள். பல குழந்தைகள் உறக்கத்திலிருந்து எழவே இல்லை. குழந்தைத் தொழிலாளர் நிலை குறித்து 1843இல் வெளியான அரசு விசாரணை அறிக்கையே இந்த வழக்கத்தைப் பதிவு செய்திருக்கிறது.

இது நாட்டிங்ஹாமோடு நின்ற வழக்கமும் அல்ல. அமெரிக்காவில் 1849இல் திருமதி வின்ஸ்லோ சாந்த மருந்து என்ற பெயரில் ஒரு சிரப் விற்பனைக்கு வந்தது. ஓர் அவுன்சுக்கு, அதாவது ஏறக்குறைய 30 மில்லி லிட்டருக்கு, 65 மில்லி கிராம் மார்ஃபின் அதில் இருந்தது. புட்டியின் மேல் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. 1906இல் அமெரிக்க உணவு மருந்துச் சட்டம் வந்த பிறகே, உள்ளே இருக்கும் போதைப்பொருளை வெளியே எழுத வேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. 1911இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இத்தகைய மருந்துகளைக் குழந்தைக் கொல்லிகள் என்றே பழித்தது. இந்தியாவிலும் பம்பாய் பஞ்சாலைகளில் உழைத்த தாய்மார்கள் பாலகோலி எனப்பட்ட அபின் உருண்டைகளைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார்கள்.

அந்தத் தாய்மார்கள் கல்நெஞ்சக்காரிகள் அல்லர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, விடுப்பு இல்லை, ஒரு நாள் கூலியை இழக்கவும் வழி இல்லை. ரப்பர் தோட்டங்களில் ஆயாக்கொட்டகையில் பிள்ளையை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போன நம் பாட்டிமாரின் அவசரம் எப்படிப்பட்டது என்று அறிந்தவர்களுக்கு, நாட்டிங்ஹாம் தாயின் அவசரமும் புரியும்.

அதே நாட்டிங்ஹாமில்தான் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்தாளர் கடை வைத்தார். அதற்கு முன் லிங்கன் நகரில் தொழில் பழகியவர். அந்தப் பக்கத்துச் சதுப்பு நிலங்களில் மலேரியா வகைக் காய்ச்சல் பரவியிருந்த காலம் அது. அந்தக் காய்ச்சலுக்குக் கொடுக்கப்பட்ட ஒரு கலவை, குழந்தைகளின் வயிற்று உபாதையையும் தணிப்பதாகக் கருதப்பட்டது. அதை அடிப்படையாக வைத்து 1851இல் உட்வர்ட் உருவாக்கியதுதான் கிரைப் வாட்டர். ஆங்கிலத்தில் கிரைப் என்றால் வயிற்றை முறுக்கிப் பிடிக்கும் வலி. 1876இல் அந்தப் பெயர் வணிகக் குறியாகப் பதிவானது.

புட்டிக்குள் இருந்தவை ஐந்து: சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, தண்ணீர், மதுசாரம். சதகுப்பை நமக்குப் புதிதல்ல, சித்த மருத்துவம் வயிற்றுக் கோளாறுகளுக்குப் பயன்படுத்தி வந்ததுதான். மதுசாரம் 3.6 விழுக்காடு. சாதாரண பீரில் இருப்பதைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

அபினோடு ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம் என்பதை மறுக்க முடியாது. மார்ஃபின் இல்லாத ஒரு புட்டி தாய்மார்களின் கைக்கு வந்தது. பிரிட்டிஷ் ஆட்சி நடந்த நாடுகளுக்கெல்லாம் அது பயணம் செய்தது. சென்னையில் டி.டி.கே. நிறுவனத்தின் தயாரிப்பாகவும் ஆகி, தமிழ்க் குடும்பங்களின் அலமாரியில் நிரந்தர இடம் பிடித்தது.

ஆனால் குழந்தை ஏன் அமைதியானது? வயிற்று வாயு வெளியேறியதாலா? அதற்கு உறுதியான சான்று இன்றுவரை இல்லை. சர்க்கரைக் கரைசல் சில துளி நாவில் பட்டாலே பச்சிளங் குழந்தையின் அழுகை சற்று நேரம் அடங்கும் என்று 1990களின் ஆய்வுகள் காட்டின. மதுசாரம் தூக்கம் தரும் என்பதற்கு ஆய்வே வேண்டாம். 1992இல் பிரிட்டனில் கிரைப் வாட்டரிலிருந்து மதுசாரம் நீக்கப்பட்டது. அது கண்டுபிடிக்கப்பட்டு 141 ஆண்டுகள் கழிந்த பிறகே அந்த மாற்றம் வந்தது.

நாட்டு மருந்து என்றால் அச்சமில்லை என்று சொல்வதற்கும் இல்லை. பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப் பெயர் பெற்ற வசம்பைச் சுட்டு, உரைத்து, நாவில் தடவுவது நம் வழக்கம். அமெரிக்கா 1968இல் வசம்பை உணவில் சேர்க்கத் தடை விதித்தது. அதன் எண்ணெயில் உள்ள ஒரு வேதிப்பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதே காரணம். மருந்துக் கடையின் நவீன மருந்துகளும் தப்பவில்லை. வயிற்று முறுக்குக்குக் கொடுக்கப்பட்ட டைசைக்ளோமின் என்ற மருந்தால் சில குழந்தைகளுக்கு மூச்சு நின்றதாக 1980களில் தகவல்கள் வந்தன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு அது கூடாது என்று பின்னர் விதிக்கப்பட்டது. வாயுவைக் கலைக்கும் என்று விற்கப்படும் சிமெத்திகோன் சொட்டு மருந்தும், 1994இல் வெளியான அமெரிக்க ஆய்வில் வெறும் போலி மருந்தைவிடச் சிறந்ததாகத் தெரியவில்லை.

அழுகையைப் பற்றிய உண்மை, மருந்துக் கடையில் அல்ல, தாய்மார்களின் குறிப்பேடுகளில் கிடைத்தது. 1954இல் அமெரிக்க மருத்துவர் மோரிஸ் வெசல் ஓர் அளவுகோல் வகுத்தார்: நல்ல உடல்நலமுள்ள குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாட்களுக்கு மேல், 3 வாரங்களுக்கு மேல் அழுதால் அதுவே காலிக் எனப்படும் தொடர் அழுகை. 1962இல் மருத்துவர் பெரி பிரேசல்டன் 80 குழந்தைகளின் அழுகையைத் தாய்மார்களைக் கொண்டே நாள்தோறும் எழுத வைத்தார். இரண்டாவது வாரத்தில் நாளுக்கு ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்த அழுகை, ஆறாவது வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக உச்சத்தைத் தொட்டது. பன்னிரண்டாவது வாரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் கீழே இறங்கியது. அதாவது, நலமாக இருக்கும் குழந்தையும் அழும், அந்த அழுகை ஏறும், பிறகு தானே இறங்கும்.

இந்த ஏற்ற இறக்கத்தில்தான் எல்லா மருந்துகளும் பேர் வாங்கின. ஆறாவது வாரத்தில் எந்தப் புட்டியைத் திறந்தாலும் பன்னிரண்டாவது வாரத்தில் குழந்தை அமைதியாகிவிடும். பாராட்டு புட்டிக்குப் போகும்.

தூக்கி வைத்துக்கொண்டால் பிள்ளை கெட்டுப்போகும் என்பார்களே, அதுவும் சோதிக்கப்பட்டது. 1986இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் குழந்தையை வழக்கத்தைவிட அதிக நேரம் தூக்கி வைத்திருந்த தாய்மார்களின் பிள்ளைகள், ஆறாவது வாரத்தில் 43 விழுக்காடு குறைவாக அழுதார்கள். ஆனால் ஏற்கெனவே தொடர் அழுகைக்கு ஆளான குழந்தைகளுக்கு அதே முறை அவ்வளவு பயன் தரவில்லை என்று 1991இல் வந்த அடுத்த ஆய்வு கூறியது. தோளும் மடியும் மந்திரமல்ல, ஆனால் அவற்றில் அபினும் இல்லை, மதுசாரமும் இல்லை.

ஆகவே பாட்டி சொன்னதை எல்லாம் தள்ள வேண்டியதில்லை. பால் குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தட்டி ஏப்பம் விட வைத்தது, வயிற்றை மெல்ல நீவியது, தொட்டிலை ஆட்டித் தாலாட்டியது, தாய் களைத்தபோது பிள்ளையை வாங்கிக்கொண்டது ஆகியவை காலத்தைத் தாண்டி நிற்கும் அறிவு. தள்ள வேண்டியது புட்டியின் மேல் வைத்த கண்மூடித்தனமான நம்பிக்கையை மட்டுமே. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் போதும் என்று உலகச் சுகாதார மன்றம் 2001இல் வலியுறுத்தியதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எல்லா அழுகையும் தானே தீரும் அழுகை அல்ல என்பதும் முக்கியம். பச்சை நிறத்தில் வாந்தி, மலத்தில் இரத்தம், 38 பாகை செல்சியஸ் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எவ்வளவு எரிச்சல் வந்தாலும் குழந்தையைப் பிடித்து உலுக்கக் கூடாது, மூளை சிதைந்துவிடும். தாங்க முடியாவிட்டால் குழந்தையைத் தொட்டிலில் பத்திரமாகக் கிடத்திவிட்டுச் சில நிமிடம் விலகி நிற்பதில் தவறே இல்லை.

நாட்டிங்ஹாம் தாய்க்கும் பம்பாய் தாய்க்கும் வேண்டியிருந்தது மருந்தல்ல, பிள்ளையை வாங்கிக்கொள்ள இன்னொரு ஜோடிக் கை. அது கிடைக்காத இடத்தில்தான் புட்டி நுழைந்தது. பிரசவம் பார்க்கப் போகிறவர்கள் பழத்தட்டோடு ஒரு மாலைப்பொழுதையும் கொண்டுபோகலாம். பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ போய்ச் சற்றுத் தூங்கும்மா" என்று சொன்னால், அந்தத் தாய்க்கு அதைவிடப் பெரிய மருந்து வேறு இல்லை.