சப்வூஃபர்: ஆக்டிவா, பாசிவா? வாங்கும் முன் பின்பக்கத்தைப் பாருங்கள்

உறுமி, தவில் முழக்கத்தின் கனத்த ஒலியை வீட்டில் கேட்க உதவுவது சப்வூஃபர் பெட்டி. இதில் இரு வகை உண்டு.

ஆக்டிவ் வகையில் அம்ப்ளிஃபையர் பெட்டிக்குள்ளேயே இருக்கும். மின்சார வயர், ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகு இரண்டும் இருக்கும். ரிசீவரின் 'சப் அவுட்' துளையிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும்.

பாசிவ் வகையில் அம்ப்ளிஃபையர் கிடையாது. பின்னால் ஸ்பீக்கர் வயர் மாட்டும் இரண்டு முனைகள்தான் இருக்கும். 'சப் அவுட்' தரும் மெல்லிய சிக்னல் இதை இயக்காது. தனி அம்ப்ளிஃபையர் வேண்டும். ஹோம் தியேட்டர் செட்டோடு வந்த பெட்டிகள் பல இந்த வகையே. அவற்றில் சில 3 அல்லது 4 ஓம் கொண்டவை. 8 ஓமுக்கான அம்ப்ளிஃபையரில் மாட்டினால் அது சூடேறிப் பழுதாகலாம்.

பழைய பெட்டி மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவோர் ஏமாறுவது இங்கேதான். அம்ப்ளிஃபையர் விலையையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பொருத்தமான அம்ப்ளிஃபையர் ஏற்கெனவே இருந்தால் பாசிவ் சிக்கனம். இல்லையென்றால் ஆக்டிவ் நல்லது. சுவரைப் பகிரும் தாமான் வீடுகளில், இரவில் கனத்த ஒலியை மட்டும் திருகிக் குறைத்துவிடலாம்; அண்டை வீட்டாரும் நிம்மதியாகத் தூங்குவார்கள்.