செப்புத்தகட்டில் எழுந்த தீவு

1665ஆம் ஆண்டில் அம்ஸ்ரடாம் நகரில் வெளியான ‘பாதாள உலகம்’ என்னும் இலத்தீன் பெருநூலிலே ஒரு படம் உண்டு. இடப்புறத்தில் ஸ்பெயினும் ஆபிரிக்காவும், வலப்புறத்தில் அமெரிக்கா, நடுவே, எவரும் கண்டிராத அத்திலாந்திஸ் தீவு. படத்தின் தலைப்பக்கம் தெற்காகலின் முதன்முறை காண்போர் திகைப்பர். தாளைத் தலைகீழாய்த் திருப்பினால் பழகிய உலகம் தோன்றும்.

நூலாசிரியர் அதனாசியஸ் கிர்ச்சர் உரோமாபுரியிற் கற்பித்த யேசு சபைத் துறவி. 1638இல் வெசூவியஸ் எரிமலையின் வாய்க்குள் இறங்கிப் பார்த்தவர். பூமியின் வயிற்றிற் கொதிக்கும் நெருப்பைக் கண்ட அவருக்குக் கடல்கோள் நம்பத்தகாததாய்த் தோன்றவில்லை. அசோர்ஸ் தீவுகளையும் கனேரித் தீவுகளையும் மூழ்கிய நிலத்தின் மலையுச்சிகள் என்றே கருதினார்.

ஆனால் கதைக்கு மூலம் பிளேற்றோ ஒருவரே. கி. மு. நான்காம் நூற்றாண்டில் அவர் எழுதிய இரு உரையாடல்களுக்கு முன் அந்நாட்டின் வரலாறு எங்கும் காணப்படவில்லை. நகரைச் சூழ்ந்த வட்டக் கால்வாய்களை அவர் அளந்து கூறினார்; தீவின் கரை வளைவுகளைக் கூறினாரல்லர். அவர் கூறாததை உளி கூறிற்று. செம்பில் வெட்டுவோன் ‘ஏறக்குறைய’ என்று ஒரு கோட்டை வெட்டுதல் இயலாது. தகட்டில் மை பூசித் துடைத்து, ஈரத்தாளை வைத்து அழுத்தியபோது, மாலுமிகள் அறிந்த ஆபிரிக்கக் கரையும் ஒருவரும் அறியாத அத்திலாந்திஸ் கரையும் ஒரே கருமையோடு பதிந்தன. இப்படத்தை அந்தாட்டிக்காவின் பழம்படம் என்று இருபதாம் நூற்றாண்டிலும் சிலர் வாதிட்டனர். கோட்டின் வலிமை அத்தகையது!

அச்சமுத்திரத்தின் அடித்தளம் 1957இலேதான் உண்மைப் படமாக வெளிவந்தது. கப்பல்களிலிருந்து ஒலியனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தால் ஆழம் அறியப்பட்டது. அவ்வளவைகளைக் கொண்டு நியூயோர்க்கில் மேரி தார்ப் என்னும் அம்மையார், புரூஸ் ஹீசனுடன் சேர்ந்து வட அத்திலாந்திக்கின் தரையை மைக்கோடுகளால் வரைந்தார். பெண்கள் ஆராய்ச்சிக் கப்பலேற இடந்தராத காலம் அது. நடுக்கடலில் அவர் கண்டது மூழ்கிய கண்டமன்று; நெடிய மலைத்தொடரும் அதனைப் பிளந்தோடும் பள்ளத்தாக்கும். அங்கே புதிய பாறை எழுந்து இருபுறமும் விலகுகின்றது. அமெரிக்காவும் ஆபிரிக்காவும் ஆண்டுக்குச் சில சென்ரிமீற்றர் பிரிந்து செல்கின்றன. கண்டமொன்று அமிழ்ந்து கிடக்க அங்கே இடமில்லை.

அம்மையாரின் படத்திலும் அளவை கிட்டாத ஒரு பெருவெளி இருந்தது. அவ்விடத்திற் கடற்கன்னியரையும் உடைந்த கப்பல்களையும் வரைய அவர் விரும்பினார். ஹீசன் இணங்கவில்லை. படவிளக்கக் குறிப்பை அங்கே வைத்து, அவ்வெற்றிடத்தை மூடினர்.