சிலுவையிலிருந்து பிறந்த வலிச்சொல்

வலியின் உச்சத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடைகளுள் ‘எக்ஸ்க்ரூஷியேட்டிங்’ கொலைக்களத்தில் பிறந்தது. சிலுவையைக் குறிக்கும் ‘குருக்ஸ்’ என்னும் இலத்தீன் சொல்லே அதன் வேர். இலத்தீனிலேயே இவ்வினை பொதுவான வதையைக் குறிக்கலாயிற்று. கிறித்துவுக்கு முற்பட்ட கத்துல்லசின் 85ஆம் பாடல் காதல் வேதனையைக் கூறி இவ்வினையிலேயே முடிகிறது. இன்றைய ஆங்கிலத்தில் சகிக்கவொண்ணாச் சலிப்புக்கும் இப்பெயரடை வழங்குவது அதன் தேய்மானம் எனலாம்.

மருத்துவத்தில் அது தேயவில்லை. 1975இல் ரொனால்ட் மெல்சாக் வெளியிட்ட மெக்கில் வலி வினாநிரல், வலியின் கடுமையை ஐந்து படிகளாக்கி இச்சொல்லை ஐந்தாம் படியில் நிறுத்தியது. ‘தாங்க முடியாத’ என்னும் பொருளுடைய சொல் அதே நிரலில் வேறொரு தொகுதியில் உள்ளது. இரண்டையும் ‘தாங்க முடியாத’ என்றே பெயர்த்தால் அளவுகோல் குலையும்.

1956இல் புத்ததேவ போஸ் ஒப்பிலக்கியத் துறையைத் தொடங்கிய ஜாதவ்பூரின் மொழியாகிய வங்காளம் இங்கு ஒப்புநோக்கத்தக்கது. அங்கு ‘ப்யதா’ பொதுவான நோவு. ‘ஜந்த்ரணா’ கடும் வேதனை. பின்னதன் வடமொழி மூலத்திற்குக் கட்டுப்படுத்துதல் என்பது பொருள். ‘யந்திரம்’ அதன் உறவுச்சொல். அசையவிடாமல் பிணிக்கப்பட்ட உடல் என்ற அளவில் அது சிலுவைக்கு அணுக்கமானது. கடுமையைப் பெயர்ச்சொல்லே சுமப்பதால் அடைமொழியின் வேலை அங்குக் குறைவு.

தமிழில் குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல் என வலியின் வகைக்குச் சொற்கள் மிகுதி. அளவுக்கு அத்துணை இல்லை. உறு, தவ, நனி ஆகியவை மிகுதிப் பொருளன என்பார் தொல்காப்பியர். ஆயினும் ‘உறுநோய்’ என்றால் நோயாளிக்கு விளங்காது. ‘சித்திரவதை’ பிறப்பால் மிக நெருங்கியது. அதுவும் கொலைத் தண்டனையின் பெயரே. ஆனால் வதைப்பவன் ஒருவனை அது உடன் அழைத்து வருகிறது. காதலே வதைக்கும் கத்துல்லசின் பாடலுக்கு அது பொருந்தும். பல்வலிக்காரரிடம் நீட்டும் படிவத்திற்குப் பொருந்தாது. அவர் தாமாகச் சொல்வது ‘உயிர் போகிற வலி’. ஐந்தாம் படிக்குரிய தொடர் அதுவே. ‘தாங்க முடியாத’ என்பதை அதன் தொகுதியிலேயே விட்டுவிடலாம்.