தேசவழமையும் சமவுரிமையும்

சட்டம் ஒன்றை ஏட்டினின்றும் நீக்குதல் எளிது. அச்சட்டம் நிலத்திலும் நீரிலும் மாந்தர் மனத்திலும் பதித்துச் சென்ற தடத்தை நீக்குதல் அரிது. பிறப்பினால் மக்களைப் பிரித்த பழைய சட்டங்களை ஆராய்வோர், அவை எவ்வாண்டில் ஒழிந்தன என அறிவதோடு அமையாது, ஒழிந்தபின் எஞ்சி நின்றது யாது எனவும் வினாவுதல் வேண்டும். யாழ்ப்பாணத்து வரலாற்றில் இவ்வினாவுக்கு விடை தேடப் புகுவார் முதற்கண் நோக்கற்பாலது தேசவழமையாகும்.

ஒல்லாந்தர் ஆட்சியில், தேசாதிபதி சைமன்ஸ் என்பாரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்து 1707-ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். அத்தொகுப்புத் தமிழ் முதலியார் பன்னிருவராற் பார்வையிடப்பெற்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பின்னர் ஆங்கிலேயர் 1806-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர். சீதனம், முதுசம், ஈடு, காணி விற்பனை என்பனவற்றோடு அடிமைகளைப் பற்றிய விதிகளும் அந்நூலில் இடம்பெற்றன. நான்கு சாதியினர் அடிமைகளாகக் குறிக்கப்பட்டனர். அடிமைத் தாயின் வயிற்றிற் பிறந்த பிள்ளை தாயின் உடையவனுக்கே உரியதாயிற்று. காணியும் நகையும் போல மனிதரும் சீதனப் பொருளாகக் கைமாறினர்.

ஈண்டு ஒன்று கருதற்பாலது. வழக்கம் என்பது ஊருக்கு ஊர் வேறுபடுவது, காலத்தோடு நெகிழ்வது. அதனை எழுத்தில் வடித்து நீதிமன்றத்தின் கையிற் கொடுத்தவிடத்து அது நெகிழாத விதியாகின்றது. உடையவன் தன் அடிமையை ஊரவர் துணைகொண்டு மட்டுமன்றி, அரசின் துணைகொண்டும் பற்றி வைத்திருக்க இயன்றது. ஆகவே சாதிக்கொடுமை வெறும் சமூகப் பழக்கமே, அதற்கும் சட்டத்திற்கும் தொடர்பில்லை என்பார் கூற்று வரலாற்றோடு பொருந்தாது.

அடிமைமுறை ஒழிந்த வகையும் ஆராயத்தக்கது. 1821-ஆம் ஆண்டில், அடிமைத் தாய்மாருக்குப் பிறக்கும் பெண்குழந்தைகளை உடையவர்களுக்குச் சிறு விலை கொடுத்து விடுவிக்கும் ஏற்பாட்டினை அரசு செய்தது. 1844-ஆம் ஆண்டின் 20-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் இலங்கையில் அடிமைமுறை முற்றாக நீக்கப்பட்டது. விலை பெற்றவர் உடையவர். விடுதலை பெற்றவருக்கு ஒரு பரப்புக் காணியேனும் கிடைத்திலது. பிறர் காணியிற் குடியிருந்து, பிறர் பனையிலும் தென்னையிலும் ஏறி, பிறர் வயலில் உழைத்து வாழும் நிலையே தொடர்ந்தது. அடிமை என்னும் பெயர் போயிற்று. குடிமை என்னும் கட்டு நின்றது.

அந்நூலின் அடிமை விதிகள் இறந்துபட்டன. காணி விதிகளோ வாழ்கின்றன. பங்காளரும் உரித்தாளரும் பிறருக்கு முன்னர்த் தாமே காணியை வாங்கும் முற்கொள்வனவு உரிமை, 1947-ஆம் ஆண்டின் சட்டத்தாற் சுருக்கப்பட்டபோதிலும், நின்று நிலவுகின்றது. குடும்பச் சொத்துச் சிதறாமற் காப்பதே அதன் நோக்கம். எனினும், முன்னரே காணியுடையார் வட்டத்துள் காணி சுழன்று நிற்பதற்கு இத்தகைய உரிமை துணைசெய்யும் என்பதை மறுத்தல் இயலாது. காணியில்லார்க்குக் கிணறும் இல்லை. ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டில் சுண்ணக்கல்லின் அடியில் ஊறும் நீரே உயிர்நீர். கிணற்றுக் கட்டில் ஏறலாகாது என்று விலக்கப்பட்டவர், பிறர் அள்ளி வார்க்கும்வரை காத்து நின்றார். கப்பிக் கயிறு யார் கையில் இருந்ததோ அவர் கையிலேயே அதிகாரமும் இருந்தது.

இவ்வுண்மை நம் நாட்டுக்கே உரியதன்று. பிரித்தானியப் பேரரசு 1833-ஆம் ஆண்டில் அடிமைமுறையை நீக்கச் சட்டம் இயற்றியபோது, இரண்டு கோடி பவுண் நட்டஈடு அடிமைகளை வைத்திருந்தோருக்கே வழங்கிற்று. அமெரிக்க ஐக்கிய நாட்டில் 1865-ஆம் ஆண்டில் அடிமைமுறை ஒழிந்தபின்பும், கறுப்பின மக்கள் நிலமின்றிப் பழைய உடையவரிடமே வாரத்திற்கு உழுதனர். தென்மாநிலங்கள் பாடசாலை, வண்டி, உணவகம் எங்கணும் நிறத்தாற் பிரிக்கும் சட்டங்களை இயற்றின. 1896-இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அப்பிரிவினைக்கு இசைவளித்தது. அதே மன்று பாடசாலைப் பிரிவினை தவறென்று 1954-இல் தீர்ப்பளித்தது. பொதுவிடங்களிற் சமவுரிமை வழங்கும் குடியுரிமைச் சட்டமோ 1964-இலேயே வந்தது. விடுதலைக்கும் சமவுரிமைக்கும் இடையே அங்கு ஏறத்தாழ நூறாண்டு கழிந்தது. யாழ்ப்பாணத்தில் நூறாண்டுக்கும் மேற்பட்டது.

அந்நெடிய இடைவெளியில் இங்கு நிகழ்ந்த முயற்சிகள் பல. 1924-ஆம் ஆண்டில் தோன்றிய மாணவர் காங்கிரசு தீண்டாமையைக் கண்டித்தது. அதன் அழைப்பை ஏற்று 1927-இல் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகளும் அக்கொடுமையை எடுத்துரைத்தார். 1930-ஆம் ஆண்டையொட்டி, அரசின் உதவிபெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளும் ஒத்த ஆசனத்தில் அமர்தல் வேண்டும் என்ற விதி வந்தபோது, அதனை எதிர்த்தோர் பாடசாலைகளுக்குத் தீ வைத்தனர். ஒடுக்கப்பட்டோர் தாமே ஒன்றுகூடிச் சிறுபான்மைத் தமிழர் மகாசபையை அமைத்து உரிமை வேண்டினர். 1956-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிற் கதவு அவர்களுக்குத் திறந்தது. மறுவருடம், 1957-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. கல்விக்கூடம், கடை, உணவகம், பொதுக்கிணறு, வழிபாட்டிடம் ஆகியவற்றிற் சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தல் குற்றமாயிற்று.

ஆயினும் சட்டம் வந்த அன்றே வழி திறந்துவிடவில்லை. கண்டி வீதியும், பருத்தித்துறைக்குச் செல்லும் வீதியும், புகையிரத நிலையமும், சந்தையும் ஒருங்கே அமைந்த கொடிகாமம் போன்ற சந்திகளில் இவ்வுண்மை தெளிவாகப் புலப்பட்டது. சந்தையில் எல்லோர் காசும் ஒரே காசு. தேநீர்க் கடையிலோ சிலருக்கு மூக்குப்பேணி, சிலருக்குச் சிரட்டையும் போத்தலும். 1966-ஆம் ஆண்டு முதலாக இவ்வழக்கத்தை எதிர்த்துக் குடாநாடெங்கும் கிளர்ச்சி எழுந்தபோது, தென்மராட்சியில் கொடிகாமம் உள்ளிட்ட ஊர்களிலும் பூசல்கள் மூண்டன. 1968-இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் அடியார்கள் தடுக்கப்பட்டனர். அதன்பொருட்டு முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கம் மீது 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. 1971-இல் அச்சட்டம் திருத்தப்பட்டுத் தண்டனை கடுமையாக்கப்பட்டது.

1978-ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 12-ஆம் உறுப்புரையில் இனம், மதம், மொழி, சாதி முதலியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என விதிக்கின்றது. கடை, உணவகம், தத்தம் மதத்தினரின் பொது வழிபாட்டிடம் என்பனவற்றிற் புகும் உரிமையையும் அது தனித்துக் கூறுகின்றது. எனினும் அடிப்படை உரிமை மீறலுக்காக உயர்நீதிமன்றத்தை நாடுவோர், அது ஆட்சித்துறையின் அல்லது நிருவாகத்தின் செயல் எனக் காட்டுதல் வேண்டும். தனியார் செய்யும் தடையை எதிர்ப்போருக்குப் பழைய 1957-ஆம் ஆண்டுச் சட்டமே பெருந்துணை. அச்சட்டமும் பொதுக்கிணற்றைக் காக்குமேயன்றி, வளவுக்குள் இருக்கும் கிணற்றின் கயிற்றைக் கொடுப்பிக்க மாட்டாது.

நிலமின்மையின் விளைவு போர்க்காலத்திலும் வெளிப்பட்டது. வலிகாமம் வடக்கிலிருந்து 1990-ஆம் ஆண்டு முதல் இடம்பெயர்ந்தோர் நலன்புரி நிலையங்களில் தங்கினர். பிறவிடத்திற் காணியும் உறவும் பொருளும் உடையோர் படிப்படியாக வெளியேறினர். நெடுங்காலம் எஞ்சினோரிற் பெரும்பாலார் ஒடுக்கப்பட்ட சாதியினர் என்பதை ஆய்வாளர் எடுத்துக்காட்டியுள்ளனர். 1844-இற் கொடாத காணி, ஒன்றரை நூற்றாண்டின் பின்னர்க் கூடாரத்தின் வாயிலில் நின்று கணக்குக் கேட்டது.

இனப்பாகுபாடு வேறு, சாதிப்பாகுபாடு வேறு எனச் சிலர் கூறுவர். 1965-ஆம் ஆண்டின் சர்வதேச இனப்பாகுபாடு ஒழிப்புச் சமவாயம் இனம், நிறம் என்பனவற்றோடு வமிசத்தையும் சேர்த்துரைக்கின்றது. அச்சொல் சாதியையும் அடக்கும் என அச்சமவாயத்தின் குழு 2002-இல் விளக்கிற்று. இலங்கையும் அதில் இணைந்த நாடாகும்.

இதனை நாம் நம்மை நோக்கிக் கேட்கவேண்டிய காரணம் ஒன்றுண்டு. 1948-இல் மலையகத் தமிழரின் குடியுரிமை பறிக்கப்பட்டது. 1956-இல் தனிச்சிங்களச் சட்டம் வந்தது. அவற்றை அநீதி என்று சரியாகவே கூறினோம். அந்த ஆண்டுகளிலேயே நம் கோயில் வாயில்களும் கடை வாங்குகளும் நம்மவருக்கே மூடிக் கிடந்தன. அரசிடம் சமநீதி கேட்குமிடத்து ஒரு தராசும், அயலானுக்கு அளக்குமிடத்து மற்றொரு தராசும் வைத்திருப்பவன் சொல் அவையேறாது.

ஆதலின், பழைய விதிகள் ஒழிந்தன என்று மகிழ்ந்திருத்தல் போதாது. காணியில்லாருக்குக் காணியும், அக்காணியிற் கிணறும், பிள்ளைகளுக்கு ஒத்த கல்வியும் கிடைக்கச் செய்தலே 1844-ஆம் ஆண்டிற் குறையாக விடப்பட்ட பணியை முடித்தலாகும். வரலாறு பயிலும் மாணவர் ஆண்டுகளை மனனம் செய்வதோடு நில்லாது, தத்தம் ஊரில் எவருக்கு எத்துணைக் காணி, எவர் கிணற்றில் எவர் நீர் அள்ளுகின்றனர் என்பதையும் நேரிற் கண்டு எழுதுவாராயின், அதுவே மெய்யான வரலாற்றுக் கல்வியாகும்.